அவன் இந்த அறையில் உட்கார்ந்திருந்தால்

சபையில் ஒருவர் பாவத்தில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தால் முதலில் நடப்பது ஜெபம். ஜெபிக்கப் பழகிய ஜனங்கள் ஜெபிக்காமல் வேறென்ன செய்வார்கள்? அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஜெபம் எப்படி ஏறெடுக்கப்படுகிறது, அதில் என்னென்ன சொல்லப்படுகிறது, ஆமென் சொல்லிக் காபி டம்ளர் கைக்கு வந்ததும் பேச்சு எங்கே போகிறது என்பதெல்லாம் கொஞ்ச காலமாகவே என் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஒருவனுக்காக ஜெபித்தோம். அந்த மாதங்களில் அவன் எங்களைவிட்டு இன்னும் தூரம்தான் போனான். அப்படியானால் அந்த ஜெபத்தால் யாருக்கு என்ன ஆயிற்று?

எங்கள் சபையின் பேரைச் சொல்லப்போவதில்லை. பெங்களூரில் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் தமிழ் ஆராதனை நடக்கிற சபைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்துபோய்க்கொண்டிருந்து, கடைசியில் இங்கேயே வீடு பிடித்துவிட்டவர்கள் எங்களில் நிறையப் பேர். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பங்களும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்து எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை ஆகிவிட்டோம். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தச் சபைதான் ஊர். அதனால் இங்கே ஒருவன் தலைகுனிந்தால் அவனுக்கு ஒதுங்கி நிற்க இடம் கிடையாது.

எங்கள் பொருளாளர் எனக்குத் தம்பி முறை. வாலிபர் ஐக்கியத்தில் கிட்டார் வாசித்தவன். ஓய்வுநாள் பள்ளியில் என் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுக்கு வண்டி பிடிப்பதிலிருந்து விடியற்காலை வீடு வீடாகப் பெரியவர்களை இறக்கிவிடுவது வரை அவன் வேலைதான். பெண்கள் ஐக்கியத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து போட்டுவந்த சீட்டுப் பணத்தையும் அவனிடமே கொடுத்து வங்கியில் கட்டச் சொல்வோம். அவனுக்கு வேலை போனது வீட்டில்கூடத் தெரியாது. வீட்டுக்கடன் தவணை கட்ட முதலில் கொஞ்சம் எடுத்தான். எடுத்ததைத் திருப்பி வைக்கலாம் என்று போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் கேக்கும் ஏலம் விட்டு வந்த பணத்துக்கு வங்கி ரசீது எங்கே என்று ஆடிட்டர் கேட்ட அன்று எல்லாம் வெளியே வந்தது.

கமிட்டி கூடியது, ராஜினாமாக் கடிதம் வாங்கியது. அவன் வீட்டை விற்றுச் சபைப் பணம் முழுவதையும் கட்டினான். கடன் போக மிஞ்சியது சபைக் கணக்கை நேர்செய்வதற்கே சரியாகப் போயிற்று. பெண்கள் சீட்டுப் பணம் அப்படியே நின்றது. அது சபைக் கணக்கில் வராத பணம், ஆகவே கமிட்டியின் மினிட் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அவன் குடும்பத்தோடு ஹொரமாவு பக்கம் வாடகைக்குப் போய்விட்டான். கோவிலுக்கு வருவதும் நின்றது.

அதன்பிறகுதான் அவன் பேர் எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தின் ஜெபக்குறிப்பு நோட்டில் ஏறியது. முதல் வாரம், ‘சகோதரனுடைய குடும்பத்தின் சமாதானத்துக்காக’ என்று ஒரே வரி. அடுத்தடுத்த வாரங்களில் வரி நீண்டது. சூதாட்டக் கட்டிலிருந்து விடுதலை. கல்லான இருதயம் உடைய. மனைவி தாய்வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேள்வி, குடும்பம் ஒன்றுசேர. ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் கண்ணீரோடு, “ஆண்டவரே, அந்தச் சகோதரி தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறதை நீர் அறிவீர்” என்று ஜெபித்தார். ஆண்டவர் அறிவார். அதுவரை அறியாதிருந்தது நாங்கள்தான். அன்று ராத்திரியே லிங்கராஜபுரம் முழுக்க அது தெரிந்துவிட்டது.

ஜெபித்தவர்கள் வம்புக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தை நடத்துகிற அக்கா அவனுக்காகப் புதன்கிழமைகளில் உபவாசம் இருந்தவர். அது உண்மையான பாரம். “இவ்வளவு விவரம் எதுக்கு அக்கா, பேரைச் சொல்லி ஜெபிச்சாப் போதாதா?” என்று நான் கேட்டதற்கு, “விவரம் தெரியாம எப்படிப்பா பாரத்தோட ஜெபிக்கிறது?” என்றார். அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவன் பாவத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த விவரம் நிறைய. அவன் இப்போது என்ன வேலை பார்க்கிறான், வாடகை எப்படிக் கட்டுகிறான், பத்தாவது படிக்கிற பெண்ணின் ஸ்கூல் மாறியதா என்பதெல்லாம் ஒருவருக்கும் தெரியவில்லை. அவற்றுக்காக யாரும் ஜெபிக்கவும் இல்லை.

கார்த்தேஜில் நடந்த வழக்கு

இந்த உறுத்தலோடு நான் போய் நின்ற இடம் மூன்றாம் நூற்றாண்டு. கி.பி. 250 வாக்கில் ரோமச் சக்கரவர்த்தி டெசியஸ், பேரரசில் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் முன்னிலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்து மணலில் புதைந்து கிடந்து அப்படிப்பட்ட சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டு அதை ருசிபார்த்தேன், இதற்குச் சாட்சி எழுதித் தரவும்’ என்கிற தோரணையில் இருக்கும். ரத்தசாட்சிகளின் கதையைத்தான் நாம் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்த ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் பலிபீடத்துக்குப் போனார்கள். கூப்பிடுவதற்கு முன்பே ஓடியவர்களும் இருந்தார்கள் என்று அந்த ஊர் ஆயர் சிப்ரியான் வேதனையோடு எழுதியிருக்கிறார். பலியிடாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆபத்து தணிந்ததும் இவர்களில் பெரும்பகுதி திரும்பி வந்து நற்கருணை கேட்டது, அதாவது சபையாக அப்பமும் ரசமும் பகிர்கிற பந்தியில் இடம் கேட்டது.

சபை என்ன செய்யும்? சிறையில் அடிபட்டும் மறுதலிக்காமல் நின்றவர்கள், விழுந்தவர்களுக்குச் சமாதானக் கடிதம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைக் காட்டினால் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிப்ரியான் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. சில கடிதங்களில் ‘இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்’ என்று மொத்தமாக எழுதியிருந்தது. அவரைச் சேர்ந்தவர்கள் என்றால் இருபது பேரா, முப்பது பேரா? உங்களுக்கு யாரைத் தெரியுமோ, யாருடைய மனந்திரும்புதலைக் கண்ணால் பார்த்தீர்களோ, அவர்களைப் பேர் சொல்லி எழுதுங்கள் என்று கேட்டார். முகம் பார்க்காமல் கொடுக்கிற மன்னிப்பை அவர் மன்னிப்பாக எண்ணவில்லை.

சிப்ரியான் நிலைமையும் இலகுவானதில்லை. உபத்திரவம் வந்தபோது அவரே மறைந்திருந்து கடிதங்கள் மூலம் சபையை நடத்தியவர். ரோமச் சபைக் குருமார் அதைக் குத்திக்காட்டிக் கடிதம் எழுதினார்கள். 251-ல் அவர் திரும்பி வந்தார், ஆயர்கள் கூடினார்கள். ஒவ்வொருவர் வழக்கையும் தனித்தனியே விசாரிப்பது, சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களுக்கு ஒரு வழி, பலியிட்டவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதல், சாகக்கிடப்பவருக்கு மட்டும் நற்கருணையை மறுக்கக்கூடாது என்று முடிவாயிற்று. ரோமில் நொவாசியன் என்கிற மூப்பர் அதை எதிர்த்துத் தனிச் சபையே அமைத்தார். விழுந்தவனை ஆண்டவர் மன்னிக்கலாம், சபை தன் பந்திக்கு மறுபடி சேர்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. நொவாசியனை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். படித்தவர், ஒழுக்கமானவர். சிறையில் பாடுபட்டவர்களில் சிலரே முதலில் அவர் பக்கம் நின்றார்கள். பிறகு தாங்கள் போனது தவறு என்று உணர்ந்து ரோம் ஆயர் கொர்னேலியுஸிடம் திரும்பி வந்தார்கள். அவர்களையும் யாரோ ஒருவர் மன்னித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரோமச் சபை சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டது.

ஓரிரு ஆண்டுகளில் அடுத்த உபத்திரவம் வரும்போல் இருந்தது. மனந்திரும்பிக் காத்திருந்த எல்லோரையும் உடனே சேர்த்துக்கொள்ள கார்த்தேஜ் ஆயர்கள் தீர்மானித்தார்கள். கிறிஸ்துவுக்காக ரத்தம் சிந்து என்று இவர்களிடம் கேட்கப்போகிறோமே, கிறிஸ்துவின் ரத்தத்தைப் பந்தியில் இவர்களுக்கு மறுத்துவிட்டு எந்த வாயால் கேட்பது என்று நியாயம் சொன்னார்கள். விழுந்தவன் நாளைக்கு நிற்க வேண்டும் என்பதற்காகவே இன்றைக்கு மன்னிப்பு. 258-ல் சிப்ரியானே தலைவெட்டுப்பட்டுச் செத்தார்.

பெரியம்மா கேட்டது

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம் பெரியம்மா வீட்டில். பெரியம்மா தங்கவயல்காரர். வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சில் தூசி ஏறிப் போய்ச் சேர்ந்தவர். பெரியம்மா இங்கே வந்து வீட்டு வேலை செய்து, தையல் தைத்துப் பேத்தியை வளர்க்கிறார். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே அறையும் அடுப்படியும். நாங்கள் சுவரோடு சுவராகப் பாயில் உட்கார்ந்திருந்தோம். அக்கா முடிவு ஜெபம் பண்ணும்போது, “நாங்கள் எல்லாரும் அந்தச் சகோதரனை மனப்பூர்வமாய் மன்னித்துவிட்டோம் ஆண்டவரே, நீரும் மன்னியும்” என்று வேண்டினார். ஆமென் சொன்னோம். பெரியம்மா மட்டும் சொல்லவில்லை.

“கண்ணு, நீங்கள்லாம் எதை மன்னிச்சீங்க?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. யாரும் பேசவில்லை. “கோவில் பணம் கோவிலுக்கு வந்திடுச்சு. சீட்டுல எடுக்க வேண்டிய முறை என்னுது. நாப்பதாயிரம். பாப்பாவை நர்சிங்ல சேர்க்க வச்சிருந்தேன். இந்த வருசம் சேர்க்கல. அவன் என்கிட்டத்தான் கடன்பட்டிருக்கான். மன்னிக்கிறதுன்னா நான்தான் மன்னிக்கணும். நான் இன்னும் மன்னிக்கல. முடியலப்பா. முடியணும்னு தினம் ராத்திரி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குப் பதிலா நீங்க யாரும் மன்னிக்காதீங்க. எனக்குப் பதிலா அவன்மேல கோவப்படவும் வேணாம்.”

கொஞ்சம் பொறுத்து, “அவன் மூஞ்சியைப் பார்க்காம எப்படி மன்னிக்கிறது? என்னைய யாராவது அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். ஹொரமாவுக்கு லிங்கராஜபுரத்திலிருந்து ஆட்டோவில் அரை மணி. மாதக்கணக்காக அவனுக்காக முழங்காலில் நின்ற யாருக்கும் அந்த அரை மணி நினைவில் வரவில்லை. பெரியம்மாவுக்குத்தான் வந்தது.

நானும் அக்காவும் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். மாடியில் சின்ன வீடு. அவன் பெண் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். அவன் ஈரக்கையோடு வந்தான், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நாற்காலியில் சாப்பாடு டெலிவரிக்கான சதுரப் பை, கதவோரம் ரெயின்கோட். உட்காருங்கள் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை அவனுக்கு. பெரியம்மா அவராகவே கட்டிலில் உட்கார்ந்தார். “சாப்பிட்டியாடா?” என்றார். தலையை ஆட்டினான். “என் பணத்துக்கு என்னா வழி?”

அவன் உடைந்துபோனான். “மன்னிச்சிடுங்க பெரியம்மா, மன்னிச்சிடுங்க” என்று காலைப் பிடிக்கக் குனிந்தான். “அது இருக்கட்டும். எந்திரி. மாசம் உன்னால எவ்வளவு முடியும், அதைச் சொல்லு.” மூவாயிரம் என்றான். “வாடகை கட்டிட்டு, பாப்பாவுக்கு பீஸ் கட்டிட்டு மூவாயிரமா? பொய் சொல்லாத. முடியறதைச் சொல்லு.” ஆயிரம் என்றான். பெரியம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னார்: மாதம் ஆயிரம், பத்தாம் தேதிக்குள். அவன் கையெழுத்துப் போட்டான், பெரியம்மா தமிழில் எழுத்துக்கூட்டிப் போட்டார். தாளைக் கிழித்து மடித்து ஜாக்கெட்டுக்குள் இருந்த மணிப்பர்சில் வைத்தார். பிறகு அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். மழையில் வண்டி வழுக்காமல் இருக்க, இந்த மாச வாடகை நேரத்துக்குச் சேர, பாப்பா பரீட்சை பயப்படாமல் எழுத, மருமகள் சீக்கிரம் வீட்டுக்கு வர. அவ்வளவுதான். ரம்மி இல்லை, திருட்டு இல்லை, கல்லான இருதயம் இல்லை. ஆமென் சொல்லிவிட்டு, “இப்பத்தான்டா மன்னிச்சேன். பத்தாந்தேதி மறந்துடாத” என்றார்.

அன்று முதல் நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். விழுந்துபோன ஒருவருக்காக நான் சொல்லும் ஜெபத்தை, அவர் இதே அறையில் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தைகளில் சொல்வேனா? சொல்வேன் என்றால் அது அவருக்கான ஜெபம். சொல்லமாட்டேன் என்றால் அது அவரைப் பற்றிய பேச்சு, முகவரி மட்டும் பரலோகத்துக்கு. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் சீஷனான பேதுரு தம்மைத் தெரியாது என்று மறுதலிக்கப்போவதை ஆண்டவர் முன்கூட்டியே அறிந்திருக்கிறார். அதை யோவானிடமோ யாக்கோபிடமோ ஜெபக்குறிப்பாகச் சொல்லவில்லை. பேதுருவிடமே சொல்கிறார்: உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன். அதோடு, நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று வேலையும் கொடுத்துவிடுகிறார். விழுவதற்கு முன்பே, எழுந்தபிறகு செய்ய வேண்டிய வேலை. சேவல் கூவின ராத்திரியில் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதபோது, எனக்காக ஒருவர் ஜெபித்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தம்பிக்கு நாங்கள் ஜெபித்ததே தெரியாது. அவன் காதுக்கு எட்டியதெல்லாம் தாலிக்கொடி விஷயம் கோவிலில் பேச்சாகிவிட்டது என்பதுதான்.

மன்னிப்பும் கடனும்

மன்னித்தபிறகு எதற்குப் பணம் கேட்கிறீர்கள் என்று சபையில் ஒருவர் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி என்னைக் கொதிக்க வைக்கிறது. ஏழைகளிடம் மட்டும்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். சபைப் பணத்தைக் கடைசி ரூபாய் வரை வாங்கியபோது கமிட்டியிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. வேதாகமத்தில் மன்னிப்பும் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. லேவியராகமம் 6-ல் அயலானின் பொருளை அபகரித்தவன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் குற்றநிவாரண பலிக்கு வர வேண்டும். வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொன்னபிறகுதான் இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் ஆண்டவர். பெரியம்மா அவனிடம் பணம் கேட்டது அவனைக் கைதூக்கிவிட்டது என்றே நான் நம்புகிறேன். காலில் விழுந்து அழுகிறவனாக இருந்தவனை, தவணை கட்டுகிறவனாக நிமிர்த்தியது அது.

பிலேமோனுக்கு அவன் அடிமை ஒநேசிமுவைப் பற்றி எழுதும்போது பவுல், ஒநேசிமு உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலே எழுதிக் கொடுக்கிறார். பரிந்து பேசுகிறவன் பையிலும் கை வைக்க வேண்டும் போலிருக்கிறது. எங்கள் அக்கா அதைச் செய்தார். ஹொரமாவிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர், அந்த மாதமே அவன் மனைவியை அழைத்துப் பேசித் தனக்குத் தெரிந்த ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அவன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. மத்தேயு 18-ல் உன் சகோதரன் குற்றஞ்செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்று இருப்பதை எடுத்துக்கொண்டு, சபைக்குள் நடக்கிற பெரிய கொடுமைகளை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையிடம் தவறாக நடந்தவனிடம் தனியாகப் போய்ப் பேசி, ஜெபித்து, மன்னித்து, அவனை வேறு ஊருக்கு அனுப்புவது மன்னிப்பு அல்ல. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும், போதகரானாலும் சரி. அங்கே மன்னிக்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் உண்டு, அதைக் கேட்கிற உரிமை நம்மில் யாருக்கும் இல்லை. பெரியம்மா சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொண்டால் அது இங்கேயும்தான் வந்து சேர்கிறது: அடிபட்டவருக்குப் பதிலாக யாரும் மன்னிக்க முடியாது.

பந்தியும் கமிட்டியும்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தமிழ் ஜெபப் புத்தகம் ஒன்று இருக்கிறது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் தமிழாக்கம், அட்டை போய்த் துணி ஒட்டியிருக்கிறது. அதில் நற்கருணை முறைமைக்கு முன்னால் குருவானவருக்குச் சில கட்டளைகள் உண்டு. பகிரங்கப் பாவத்தில் இருக்கிறவன் மனந்திரும்பியதைச் சபைக்குத் தெரியப்படுத்தி, தான் அநியாயம் செய்தவர்களுக்கு ஈடுசெய்யும்வரை, குறைந்தது ஈடுசெய்ய முழு மனதாய்த் தீர்மானித்திருக்கிறேன் என்று அறிவிக்கும்வரை, பந்திக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறது. அடுத்த கட்டளை பகையாக இருக்கிற இருவரைப் பற்றியது. ஒருவர் மன்னிக்கவும் ஈடுசெய்யவும் தயாராக இருந்து, மற்றவர் சமாதானத்துக்கு இணங்காமல் பிடிவாதமாக நின்றால், மனந்திரும்பினவரைப் பந்தியில் சேர்த்துக்கொள், பிடிவாதக்காரரைச் சேர்க்காதே. இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஈடுசெய்யத் தீர்மானித்தாலே போதும் என்கிற இரக்கம் முதல் கட்டளையில் இருக்கிறது. பெரியம்மாவின் பர்சில் இருக்கும் அந்தத் தாள் அதற்குச் சாட்சி.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை அவன் கோவிலுக்கு வந்தான், கடைசி பெஞ்சுக்கு. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானபின் 1950-ல் வந்த நற்கருணை ஆராதனையில், காணிக்கைக்கு முன் சமாதானம் கொடுக்கிற வழக்கம் சேர்க்கப்பட்டது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் அது. குருவானவரிடமிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கைக்குக் கை வரும். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் மூடிக்கொள்வது முறை. அன்று அவனுக்கு முந்தின பெஞ்சில் இருந்தவர் கமிட்டி உறுப்பினர், முன்பு அவனுடைய ராஜினாமாவைக் கேட்டு வாங்கியவர். கையை அவர் திரும்பிக் கொடுப்பாரா என்று என் கண் அங்கேயேதான் இருந்தது. திரும்பினார். முறைப்படி இரண்டு கையாலும் கொடுத்தார். சரியாகத்தான் செய்தார், அதற்காக நான் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அடுத்த கமிட்டியில் அவனைப் பாடகர் குழுவில் மறுபடி சேர்க்கக்கூடாது என்று முதலில் கை தூக்கியவரும் அவரேதான். அவரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. சபையின் சாட்சி, சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், இன்றைக்கு இவனை விட்டால் நாளைக்கு இன்னொருவன் என்கிறார். நொவாசியனும் இதைத்தான் சொன்னார், அவரும் சபையை நேசித்துத்தான் சொன்னார்.

தப்பு செய்த ஒருவனைப் பற்றிக் கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதினதை அவருக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். அநேகரால் உண்டான தண்டனையே போதும், இனி அவனை மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்கிறார். தண்டனை தேவையே இல்லை என்று பவுல் சொல்லவில்லை. போதும் என்கிறார். போதும் என்று ஒரு நாளைக் குறிக்கத் தெரியாத சபை தண்டனை கொடுக்கவும் லாயக்கில்லாதது என்பது என் எண்ணம்.

கமிட்டியில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் குருவானவரான ஐயரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனைப் பாடகர் குழுவில் சேர்க்கலாம், அவன் குரல் காணிக்கைப் பெட்டியைத் தொடவில்லை. பணப் பொறுப்பு இனி அவனுக்கு வேண்டாம், அவனும் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுப்பது அவனுக்கு நல்லதல்ல. பெண்கள் சீட்டுப் பணத்தைக் கமிட்டி தன் மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். பெரியம்மாவைத் தவிர இன்னும் நான்கு பேருக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு அவனே போக வேண்டும், கூடக் கமிட்டியில் ஒருவர் போக வேண்டும். அந்த நான்கு பேரில் ஒருவர் அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார். பகையாளியைப் பற்றிய அந்தப் பழைய கட்டளையை அவர்மேல் யாரும் பிரயோகிக்கக்கூடாது, பந்தியில் அவருக்கு இடம் உண்டு, அவருக்கு வேண்டிய காலத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.